மூவருக்கும் சர்க்கரை, ஒருவருக்கு மட்டும் பைபாஸ்: மரபணுச் சோதனை எனக்கு ஏதாவது சொல்லுமா?

கடைக்குட்டி எழுதியது:

எனக்கு வயது 44. ஆறு ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு. எங்கள் குடும்பத்தில் இது புதிய செய்தி இல்லை. அப்பாவுக்கு இருந்தது, 51 வயதில் மாரடைப்பில் இறந்தார். அண்ணனுக்கு இருக்கிறது, சென்ற ஆண்டு அவருடைய 50ஆவது வயதில் மூன்று தமனிகளில் அடைப்பு என்று பைபாஸ் செய்தார்கள். அக்காவுக்கும் இருக்கிறது. அவருக்கு வயது 48. எங்கள் மூவரில் முதலில் சர்க்கரை வந்தது அவருக்குத்தான்.

என் குழப்பம் அக்காவிடமிருந்து தொடங்குகிறது. அண்ணன் எதையும் கணக்காகச் செய்பவர். சர்க்கரை அளவைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பார், மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிட மாட்டார், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அவருக்கு ஏழைத் தாண்டியதில்லை. அக்கா நேர் எதிர். ஒன்பதுக்குக் கீழே இறங்கிய பரிசோதனை அறிக்கை ஒன்றையும் அவரிடம் நான் பார்த்ததில்லை. நடந்தால் நெஞ்சு அழுத்துகிறது என்று அவருக்கும் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். தமனிகள் சுத்தமாக இருக்கின்றன என்று அனுப்பிவிட்டார்கள். "ஒழுங்காக இருந்தவனுக்கு நெஞ்சைப் பிளந்தார்கள், எனக்கு ஒன்றும் இல்லை பார்" என்று அவர் சிரிக்கும்போது அண்ணி எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

நான் அண்ணன் பக்கமா, அக்கா பக்கமா? என் எச்.பி.ஏ.1சி 6.8, எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு 118, ரத்த அழுத்தம் 128/82. புகைப்பழக்கம் இல்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறார் மருத்துவர். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன், ஏனென்றால் அது சர்க்கரையை ஏற்றும் என்று கேள்வி. இதற்கிடையில், குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினால் இதய நோய்க்கான மரபணு மதிப்பெண் தருகிறோம் என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. அதைச் செய்துகொண்டு, முடிவைப் பார்த்துவிட்டு மாத்திரையைப் பற்றி முடிவெடுக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நேர்க்கோடு எழுதியது:

மரபணு, குரோமோசோம் எல்லாம் பொழுதுபோகாதவர்களின் பேச்சு. சாப்பாட்டைக் குறையுங்கள், நடங்கள், தூங்குங்கள். 2004இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, உலகெங்கும் முதல் மாரடைப்புகளில் 90 சதவீத அபாயத்தை ஒன்பது சாதாரணக் காரணிகளைக் கொண்டே விளக்க முடியும் என்று காட்டிவிட்டது. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம் போன்றவைதான் அவை. அதில் மரபணு எங்கே வந்தது? உங்கள் அண்ணன் புகைத்தாரா என்பதை முதலில் சொல்லுங்கள்.

கடைக்குட்டி எழுதியது:

புகைத்தார். கல்லூரி நாட்களில் தொடங்கி நாற்பது வயதுவரை. சர்க்கரை என்று தெரிந்த அன்றே விட்டுவிட்டார். அக்காவுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

நேர்க்கோடு எழுதியது:

பிறகென்ன?

பழைய ஆய்வகம் எழுதியது:

"பிறகென்ன" என்று அவ்வளவு சுலபமாக முடித்துவிட முடியாது. மூலக்கூறு மரபியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். புகை பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்பா 51 வயதில், அண்ணன் 50 வயதில் என்று வரும்போது குடும்ப வரலாற்றை ஒதுக்கிவைப்பது சரியல்ல. அப்பா அல்லது சகோதரருக்கு 55 வயதுக்கு முன், அம்மா அல்லது சகோதரிக்கு 65 வயதுக்கு முன் இதயத் தமனி நோய் வந்தால் மருத்துவத்தில் அதை 'இளவயது' நோய் என்று தனியாகக் கணக்கில் எடுப்பார்கள். கடைக்குட்டிக்கு இரண்டு பேர் அந்தக் கோட்டுக்குள் வருகிறார்கள். காசு செலவழிக்காமல் கிடைத்த மரபணுச் சோதனை முடிவு இது.

முதலில், மூன்று பேருக்கும் ஒரே விதமாக நடந்திருக்க வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறீர்கள்? உடன்பிறந்தவர்கள் மாறுபடும் மரபணுக்களில் சராசரியாகப் பாதியைத்தான் பகிர்கிறார்கள். அப்பா, அம்மா இருவரிடமும் ஒரு குறிப்பிட்ட ஆபத்து வடிவம் ஒவ்வொரு பிரதி இருந்தால், பிள்ளைக்கு இரண்டு பிரதி கிடைக்க நான்கில் ஒரு வாய்ப்பு, ஒன்றுகூடக் கிடைக்காமல் தப்பவும் நான்கில் ஒரு வாய்ப்பு. இப்படிப் பல நூறு இடங்களில் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்கல் நடக்கிறது. அண்ணனும் அக்காவும் எதிரெதிர் முனையில் நிற்பதில் எனக்கு வியப்பே இல்லை.

இரண்டாவதாக, சர்க்கரையைத் தரும் மரபணுக்களும் தமனியைக் கெடுக்கும் மரபணுக்களும் பெரும்பாலும் வேறு வேறு. இரண்டாம் வகை நீரிழிவோடு தொடர்புடைய பொதுவான மாறுபாடுகளில் மிக வலுவானவற்றுள் ஒன்று 2006இல் கண்டறியப்பட்ட டி.சி.எஃப்.7எல்2; அது கணையம் இன்சுலினைச் சுரக்கும் திறனைப் பாதிக்கிறது. இதயத் தமனி நோயோடு தொடர்புடையவற்றில் புகழ்பெற்றது 9பி21, அதாவது 9ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் ஓர் இடம். 2007இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தன. ஐரோப்பிய வம்சாவளியினரில் நான்கில் அல்லது ஐந்தில் ஒருவருக்கு அதன் இரண்டு பிரதியும் ஆபத்து வடிவமாகவே உண்டு; அவர்களுக்கு ஆபத்து 30 முதல் 40 சதவீதம் கூடுதல். வேடிக்கை என்னவென்றால், அந்த இடம் கொழுப்பையும் ஏற்றுவதில்லை, ரத்த அழுத்தத்தையும் ஏற்றுவதில்லை. அதன் வேலை தமனிச் சுவருக்குள்ளேயே நடக்கிறது என்று கருதுகிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே நீரிழிவோடு தொடர்புடைய இன்னொரு மாறுபாடும் இருக்கிறது. ஒரே தெருவில் இரண்டு வீடுகள், ஆனால் குடியிருப்பவர்கள் வேறு. அதனால் ஒன்றைப் பெற்றவர் மற்றதைப் பெற்றிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நீரிழிவு உள்ள உடன்பிறந்தோரையே தேடிப் பிடித்து நடத்திய 'டயாபடிஸ் ஹார்ட் ஸ்டடி' என்று ஓர் ஆய்வு அமெரிக்காவில் உண்டு. அவர்களுடைய இதயத் தமனிகளில் படிந்த சுண்ணாம்பை சி.டி. ஸ்கேனில் அளந்தார்கள். எல்லாருக்குமே சர்க்கரை இருந்தும் படிவு ஆளுக்கு ஆள் வெகுவாக வேறுபட்டது. அந்த வேறுபாட்டில் ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் மரபுவழி என்று கணக்கு வந்தது. இதைப் படித்துவிட்டு "என் நோயில் பாதி அப்பா தந்தது" என்று சொல்லாதீர்கள். ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைப் பற்றிய எண் அது. தனி ஒருவரின் நோயை அதை வைத்துப் பங்கு பிரிக்க முடியாது.

இப்போது நேர்க்கோடு ஐயா ஒப்புக்கொள்ளக்கூடிய பகுதி. மரபணுவும் சர்க்கரையும் ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன. 2008இல் வந்த ஓர் ஆய்வில், 9பி21இன் இரண்டு ஆபத்துப் பிரதிகளும் இருந்து, சர்க்கரையும் நெடுங்காலம் கட்டுக்கடங்காமல் இருந்தவர்களுக்கு இதயத் தமனி நோய் ஆபத்து மிகக் கூடுதலாக இருந்தது. சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருந்தவர்களிடம் அதே மரபணுவின் கேடு குறைவு. 2013இல் இன்னொன்று: குளூட்டமின் தயாரிக்கும் நொதிக்கான ஜி.எல்.யு.எல். மரபணுவின் அருகே உள்ள ஒரு மாறுபாடு, நீரிழிவு உள்ளவர்களிடம் இதய நோய் வாய்ப்பை 36 சதவீதம் கூட்டியது. நீரிழிவு இல்லாதவர்களிடம் ஒன்றுமே செய்யவில்லை. அதே எழுத்து, அதே இடம், ஆனால் சர்க்கரை வந்த பிறகுதான் அது விழித்துக்கொள்கிறது. என் பணிக்காலத்தில் படித்தவற்றில் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்த ஆய்வு அது.

ஆக, இன்டர்ஹார்ட் சொன்னதும் பொய்யில்லை. மரபணுக்கள் பெரும்பாலும் அந்த ஒன்பது காரணிகளின் வழியாகவும், அவற்றோடு சேர்ந்தும்தான் வேலை செய்கின்றன. அதனால்தான் 2016இல் வந்த பெரிய ஆய்வில், மரபணு ஆபத்து மிகுந்தவர்களுள் புகைக்காமல், உடல் பருக்காமல், உடற்பயிற்சியோடும் நல்ல உணவோடும் வாழ்ந்தவர்களுக்கு, அப்படி வாழாதவர்களைவிட இதய நோய் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது.

எச்சில் குழாய் பற்றித் தனியாக எழுதுகிறேன். கண் வலிக்கிறது.

பாதம் பார்ப்பவள் எழுதியது:

நான் செவிலியர். நீரிழிவுப் பாதப் பிரிவில் வேலை. மரபணு எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அக்கா சிரிக்கிறார் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆஞ்சியோகிராம் காட்டுவது ரத்தம் ஓடும் பாதையை. சுவருக்குள் என்ன சேர்ந்திருக்கிறது என்பதை அது நேரடியாகக் காட்டாது. கொழுப்பு படியத் தொடங்கும்போது தமனி வெளிப்பக்கமாக விரிந்து கொடுக்கும். பாதை குறுகுவது பிற்பாடுதான். அதனால் 'சுத்தம்' என்றால் இன்றைக்கு ஓட்டம் தடைப்படவில்லை என்று பொருள், அவ்வளவே. நடக்கும்போது நெஞ்சு அழுத்தியது என்கிறீர்கள். நீரிழிவு உள்ள பெண்களுக்குப் பெரிய தமனிகள் நன்றாக இருந்தும், படத்தில் தெரியாத நுண் தமனிகளின் கோளாறால் அந்த வலி வரலாம். வலி தொடர்ந்தால் மறுபடியும் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். 48 வயதுப் பெண் என்பதையும் கணக்கில் வையுங்கள். பெண்களுக்கு இதய நோய் பொதுவாக ஆண்களைவிடத் தாமதமாக வரும். அந்தச் சலுகையை நீரிழிவு பறித்துவிடும்.

அடுத்தது கால். இதயத் தமனி நன்றாக இருப்பவருக்குக் கால் தமனி அடைபட்டிருப்பதை நான் பார்க்காத வாரம் கிடையாது. நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும் என்று புத்தகத்தில் இருக்கும். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனவருக்கு அந்த வலியே தெரியாது. ஆறாத புண்ணோடுதான் வருவார்கள். கணுக்காலில் ரத்த அழுத்தம் அளந்து அதைக் கையின் அழுத்தத்தால் வகுக்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. விகிதம் 0.9க்குக் கீழே போனால் அடைப்பு. 1.4க்கு மேலே போனால் மகிழ்ந்துவிடக் கூடாது. சுண்ணாம்பு ஏறி விறைத்துப்போன தமனியைப் பட்டையால் அழுத்த முடியவில்லை என்பதால் வரும் பொய் எண் அது. அப்போது கால் விரலில் அளக்க வேண்டும். ஒன்பதுக்குக் கீழே இறங்காதவருக்குக் கண், சிறுநீரகம், பாதம் மூன்றும் ஆண்டுதோறும் பார்த்தாக வேண்டும். இதில் தள்ளிப்போட எதுவும் இல்லை.

கடைக்குட்டி எழுதியது:

அக்காவிடம் இதை அப்படியே படித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை. நெஞ்சு அழுத்தம் இன்னும் அவ்வப்போது வருகிறதாம். சொன்னால் மறுபடி மருத்துவமனைக்கு இழுத்துப் போவோம் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார்.

ஆய்வகம் அம்மா, மூன்று கேள்விகள். எச்சில் சோதனை வேண்டுமா, வேண்டாமா? ஹாப்டோகுளோபின் என்று ஒரு மரபணு இருக்கிறது, அதன் ஒரு வகை இருந்தால் வைட்டமின் ஈ எடுத்துக்கொண்டால் போதும் என்று ஒரு நண்பர் சொல்கிறார், உண்மையா? ஸ்டாட்டின் சர்க்கரையை ஏற்றுமா?

பழைய ஆய்வகம் எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், ஏனென்றால் அதுதான் உங்களுக்கு அவசரம்.

ஏற்றும், கொஞ்சம். இதற்கு மரபணுவே சாட்சி சொல்கிறது. ஸ்டாட்டின் முடக்கும் நொதியைப் பிறவியிலேயே சற்று மந்தமாகப் பெற்றவர்களுக்கு எல்.டி.எல். குறைவாகவும், நீரிழிவு வாய்ப்பு சிறிது கூடுதலாகவும் இருப்பதை 2015இல் காட்டினார்கள். மறுபக்கத்தில், செல்கள் எல்.டி.எல்.லைச் சரியாக உள்ளே இழுக்க முடியாத பரம்பரை மிகைக் கொழுப்பு நோய் உள்ள குடும்பங்களில் இரண்டாம் வகை நீரிழிவு சற்றுக் குறைவு. கொழுப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும் கணையச் செல் அதற்கு விலை கொடுக்கிறது போலும். ஆனால் உங்களுக்குத்தான் ஏற்கெனவே நீரிழிவு இருக்கிறதே. எச்.பி.ஏ.1சி 0.1 அல்லது 0.2 நகரலாம். எதிர்த் தட்டில் என்ன இருக்கிறது? 2004இல் வெளிவந்த கார்ட்ஸ் ஆய்வு. இதய நோய் இதுவரை வராத, எல்.டி.எல். பெரிதாக உயராத நீரிழிவுக்காரர்களுக்கு அடார்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினை 10 மில்லிகிராம் கொடுத்ததில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் 37 சதவீதம் குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். உங்கள் எல்.டி.எல். 118. உங்களைப் போன்ற குடும்ப வரலாறு உள்ள நீரிழிவுக்காரருக்கு 70க்குக் கீழே என்பதுதான் பொதுவான இலக்கு. மருத்துவர் சொன்னது நியாயமான ஆலோசனை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் யோசித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

இப்போது எச்சில். உங்களுக்கு வேண்டாம். மதிப்பெண் உயர்வாக வந்தால் ஸ்டாட்டின் எடுக்க வேண்டும். தாழ்வாக வந்தால்? 40 வயதைத் தாண்டிய நீரிழிவுக்காரர் என்ற ஒரே காரணத்துக்காக அப்போதும் எடுக்கத்தான் வேண்டும். எப்படி வந்தாலும் முடிவு மாறாத சோதனைக்கு எதற்குக் காசு? அந்த மதிப்பெண்களில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்து உருவாக்கப்பட்டவை என்பதும் உண்டு; மற்றவர்களிடம் அவற்றின் துல்லியம் குறைகிறது. தாழ்ந்த மதிப்பெண்ணைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்தும் மனிதரை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

ஹாப்டோகுளோபின் சுவையான கதை. சிதைந்த சிவப்பணுவிலிருந்து சிந்தும் ஹீமோகுளோபினைப் பிடித்து அகற்றும் புரதம் அது. 1-1, 2-1, 2-2 என்று மூன்று வகை மனிதர்கள் உண்டு. 2-2 வகையினருக்கு அந்தத் துப்புரவு மந்தம். சர்க்கரையும் சேர்ந்தால் தமனிச் சுவரில் ஆக்சிஜனேற்றச் சேதம் கூடுகிறது. 2002இல் அமெரிக்கப் பழங்குடியினரிடம் நடந்த ஆய்வில், நீரிழிவு உள்ள 2-2 வகையினருக்கு 1-1 வகையினரைவிட இதய நோய் ஏறக்குறைய ஐந்து மடங்கு. 2008இல் இஸ்ரேலில் 2-2 வகையினருக்கு வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்ததில் நிகழ்வுகள் குறைந்தன. உங்கள் நண்பர் அதோடு புத்தகத்தை மூடிவிட்டார். வகை பார்க்காமல் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்த முந்தைய பெரிய ஆய்வில் வைட்டமின் ஈ இதயத்துக்கு ஒரு பலனும் தரவில்லை. 2-2 வகைக்கு மட்டும் என்ற அந்த முடிவும் பொதுச் சிகிச்சை நெறிமுறைகளில் இன்னும் இடம்பெறவில்லை. ஸ்டாட்டினுக்குப் பதில் வைட்டமின் ஈ என்பது பேச்சுக்கே இடமில்லாதது.

நீங்கள் செய்துகொள்ள வேண்டிய மரபணுச் சோதனை ஒன்று உண்டு, அதற்கு மரபணுவையே பார்க்க வேண்டாம். லிப்போபுரோட்டீன்-ஏ. எல்.டி.எல். துகளோடு இன்னொரு புரதம் கொக்கி போட்டதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். 1963இல் நார்வே நாட்டு விஞ்ஞானி கோரே பெர்க் கண்டறிந்தது. இதன் அளவைப் பெரும்பாலும் 6ஆம் குரோமோசோமில் உள்ள ஒற்றை மரபணு தீர்மானிக்கிறது. உணவோ உடற்பயிற்சியோ அதை அசைப்பதில்லை, ஸ்டாட்டினும் குறைப்பதில்லை. அதனால் வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் பெரும்பாலும் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராம் அல்லது லிட்டருக்கு 125 நானோமோலுக்கு மேல் என்றால் உயர்வு; ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அப்படி இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு ஒரு பிரதி வழியாக இது உயர்ந்திருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சரிபாதி வாய்ப்பு. அண்ணனுக்குப் போய் அக்காவுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். அண்ணனுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் புதிருக்கு ஒரு பகுதி விடை அங்கே கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். உங்களுக்கு உயர்ந்திருந்தால் எல்.டி.எல். இலக்கை இன்னும் இறக்குவார்கள். இது முடிவை மாற்றும் சோதனை.

நேர்க்கோடு எழுதியது:

லிப்போபுரோட்டீன்-ஏ பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஆனாலும் நடைப்பயிற்சியை விடச் சொல்லிவிடாதீர்கள் அம்மா. ஜனங்கள் மாத்திரை என்றால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

பழைய ஆய்வகம் எழுதியது:

விடச் சொல்லவே இல்லை. டென்மார்க்கின் ஸ்டெனோ-2 ஆய்வில் 160 பேர்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, உணவு, நடை, புகை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறுக்கிப் பிடித்த பாதிப் பேருக்கு இதயநோய் நிகழ்வுகள் பாதியாகக் குறைந்தன. 21 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது சராசரியாக ஏறக்குறைய எட்டு ஆண்டு ஆயுள் கூடியிருந்தது. யாருடைய மரபணுவையும் கேட்டுக்கொண்டு அதைச் செய்யவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நாம் இருவரும் ஒரே கட்சி.

கடைக்குட்டி எழுதியது:

ஸ்டாட்டின் இன்று இரவு முதல் தொடங்குகிறேன். அண்ணனும் நானும் சேர்ந்தே ரத்தம் கொடுக்கப் போகிறோம். அக்காவுக்கு இதய மருத்துவரிடமும் பாதப் பிரிவிலும் நாள் குறித்தாயிற்று. கூடவே அண்ணி போகிறார். இன்னும் ஒரே ஒரு சந்தேகம். என் மகளுக்கு 15 வயது. அவளுக்கும் பார்க்க வேண்டுமா?

பழைய ஆய்வகம் எழுதியது:

உங்கள் முடிவு வரட்டும். உயர்ந்திருந்தால் அவளுக்கும் ஒரு முறை பாருங்கள். இந்த அளவு சிறு வயதிலேயே நிலைபெற்றுவிடும், பெரியவளாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்களுக்கு உயரவில்லை என்றால் உங்கள் வழியாக அவளுக்கு வர வாய்ப்பு குறைவு. ஆனால் சாதாரணக் கொழுப்புச் சோதனை அவளுக்கு எப்படியும் ஒரு முறை செய்யுங்கள்.

ஆய்வகத்தில் இரண்டைக் கவனியுங்கள். பெயர் ஒத்திருப்பதால் அப்போலிப்போபுரோட்டீன் ஏ-1 என்ற வேறொரு சோதனையைச் செய்துவிடுவார்கள். சீட்டில் தெளிவாக எழுதி வாங்குங்கள். அறிக்கையில் அலகு மில்லிகிராமா, நானோமோலா என்று பாருங்கள். ஆளுக்கு ஆள் அந்தத் துகளின் அளவு மாறுவதால் ஒன்றை மற்றொன்றாகப் பெருக்கி வகுத்துச் சரியாக மாற்ற முடியாது. உங்களையும் அண்ணனையும் ஒப்பிட வேண்டுமானால் இருவரும் ஒரே ஆய்வகத்தில் கொடுங்கள்.